ஓங்கிய கை நிற்குமிடம்

மைசூரு அரண்மனை முற்றத்தில் விஜயதசமியன்று நிகழும் வஜ்ரமுஷ்டி, ஒருவர் தலையில் குருதி கண்டதும் முடிந்துவிடும். கராத்தேயிலோ கட்டுமீறிய அடி, அடித்தவரின் வெற்றியையே பறிக்கும். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் 4–1 என முன்னணியில் இருந்தார் சவூதி வீரர் தாரெக் ஹமேதி. அவரது உதை தலையில் பட்டு ஈரான் வீரர் நினைவிழந்தார். ஹமேதி தகுதி நீக்கப்பட்டார்; தங்கம், வீழ்ந்தவருக்கே சென்றது.

கொடிய தீர்ப்பு என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. முதலில் தாக்கலாகாது என்பதே கராத்தே ஆசான் ஃபுனாகோஷி வகுத்த நெறி. கைதாகும் வேளையிலும், வாளை உறையிலிடுமாறு பேதுருவைப் பணித்தார் இயேசு. வலிமையிருந்தும் நிறுத்திக்கொள்வதே இவ்விரண்டிலும் உள்ள அரிய பயிற்சி. தசராக் கால நெரிசலில், சயாஜி ராவ் சாலையில் ஒலிப்பானை ஓயாது அழுத்தும் நம் கட்டைவிரலுக்கு அது இன்னும் கைவரவில்லை.