52 வார உச்சம்: வாங்கலாமா, ஒதுங்கலாமா?

ஒரு பங்கு 52 வார உச்சத்தைத் தொட்டால் "ஏறிடுச்சுப்பா, இனி இறங்கும்" என்று ஒதுங்குபவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால் ஜார்ஜ், ஹ்வாங் என்ற இரு பேராசிரியர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. 1963 முதல் 2001 வரையிலான அமெரிக்கப் பங்குகளில், உச்சத்தை ஒட்டி நின்றவையே அடுத்த மாதங்களில் சராசரியாகக் கூடுதல் லாபம் தந்தன. காரணம்? நல்ல செய்தி வந்தாலும் பழைய உச்சத்தைத் தாண்டி விலை கொடுக்க மனசு வருவதில்லை. அதனால் விலை மெதுவாகத்தான் ஏறுகிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள் மக்களே! யெஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தாண்டி உச்சத்தில் நின்றது. 2020 மார்ச்சில் பணம் எடுக்கவே கட்டுப்பாடு வந்தது. அதன் வாராக்கடன் கணக்கில் ரிசர்வ் வங்கி கண்ட பெரிய வித்தியாசமோ 2017-லேயே வெளியாகியிருந்தது.

ஆய்வு பேசுவது நூற்றுக்கணக்கான பங்குகளின் சராசரியை. நாம் வாங்குவதோ ஒன்றோ இரண்டோ. என்னைக் கேட்டால், உச்சப் பட்டியலில் பங்கைத் தேடுங்கள். ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.