நடிகைக்கு அரசியல் எதற்கு?

நடிகை நடிக்கட்டும்; நாட்டு நடப்பைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன யோக்கியதை உண்டு? இக்கேள்வியைச் சவளக்கடையின் தேநீர்க் கடையிலும் கேட்டிருக்கிறோம். படித்தவர்கள் கூடும் ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறோம். கேட்பவர்கள் சினிமாவை வெறுப்பவர்களல்லர். இரவில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னமர்ந்து அவளுடன் சேர்ந்து கண்ணீர் வடித்தவர்களே, விடிந்ததும் அவள் வாய்க்குப் பூட்டுத் தேடுகிறார்கள்.

இவர்கள் முன் ஷபானா ஆஸ்மியின் வாழ்வை வைக்கிறோம். 1950இல் பிறந்தவர், கம்யூனிஸ்டான உருதுக் கவிஞர் கைஃபி ஆஸ்மியின் மகள். தாய் ஷௌகத்தும் நாடக நடிகையே. பம்பாயில் கட்சித் தோழர்கள் கூட்டாக வாழ்ந்த இல்லத்தில் வளர்ந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர், 1974இல் ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ படத்தில் லட்சுமி என்னும் தலித் பெண்ணாகத் தோன்றினார். நிலப்பிரபுவின் மகன் அவளை அனுபவிக்கிறான்; அவள் கருவுற்றதும் கைவிடுகிறான்; பேச முடியாத அவள் கணவனைச் சவுக்கால் அடிக்கிறான். போடியார்களையும் அவர்தம் வயற்கூலிகளையும் கண்டு வளர்ந்த நமக்கு இக்கதை அந்நியமானதா?

கௌதம் கோஷின் ‘பார்’ (1984) இதனினும் கொடிது. குடிசைகள் எரிக்கப்பட்ட பீகார்க் கிராமத்திலிருந்து ஓடிவந்த கூலித் தம்பதியர், ஊர்திரும்பும் வழிச்செலவுக்காகப் பன்றிக் கூட்டமொன்றை ஆற்றைக் கடத்துகிறார்கள். அவளோ நிறைசூலி. ‘முஸ்லிம் பெண் பன்றியோட்டி நடிப்பதா?’ என்று முகஞ்சுளித்தார் நம் நண்பரொருவர். அவர் கண்ணிற் பன்றி பட்டது, பசி படவில்லை! தேசிய விருது ஐந்து முறை பெற்ற இந்நடிகைக்கு அவற்றுள் ஒன்றைத் தந்தது இப்படமே.

திரையிற் கண்ட வறுமையைத் திரையோடு அவர் விட்டுவிடவில்லை. 1986இல் பம்பாயில் சேரிக் குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டபோது, குடியிழந்தோருடன் அமர்ந்து ஐந்து நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். அரசு மாற்று நிலம் தர இணங்கிய பின்னரே அது முடிந்தது. இதை விளம்பரம் என்பார் உளர். விளம்பரந்தான் என்றே கொள்வோம். அவ்விளம்பரத்தால் ஏழைக்கு நிலம் கிடைத்ததல்லவா? 2004இல் கடல் நம் கரையை வாரிச் சென்றது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகள், இனவாதத்திலும் வழக்கிலும் சிக்கி, வீடிழந்தோருக்குக் கிட்டாமல் ஆண்டுக்கணக்காகப் பற்றைக் காடாய்க் கிடந்தன. அவற்றுக்காகப் பட்டினி கிடந்த கலைஞர் எவர்? ஆசிரியர்களாகிய நாமுங்கூடக் கிடக்கவில்லை. மேசையில் தாளை வைத்து மகஜர் எழுதினோம்.

வகுப்புவாதத்தை எதிர்த்து 1989இல் டில்லியிலிருந்து மீரட்டுக்கு நடந்தவர் அவர். 1998இல் அவர் நடித்த ‘ஃபயர்’ ஓடிய அரங்குகளைச் சிவசேனையினர் தாக்கினர். 2001இல் ஆப்கான் போரின்போது ஜிகாதுக்கு அழைத்த டில்லி ஜும்மாப் பள்ளி இமாம் புகாரியை, முதலில் அவரே காந்தஹாரிற் போய் இறங்கட்டும் என்றார். விடையாக வந்தது வாதமல்ல. ஆடிப்பாடுபவள் என்னும் வசை. இரு திசையிலிருந்தும் கல்லெறிந்தோர்க்குக் கைக்கெட்டியது ஒரே கல்தான்!

தோழர் சிலர் வேறு குறை கூறுவர். ‘அமர் அக்பர் அந்தோணி’ போன்ற கேளிக்கைப் படங்களிலும் நடித்தார், 1997 முதல் 2003 வரை நியமன உறுப்பினராக மாநிலங்களவையில் அமர்ந்தார் என்பர். உண்மை. அவரைப் புரட்சிக்காரி என்று நாமும் கூறவில்லை. ஆயினும் கேளிக்கையில் ஈட்டிய புகழைச் சேரிக்காரனின் கணக்கிற் செலவிட்ட நடிகர் எத்தனை பேர் என்று அத்தோழர்கள் எண்ணிச் சொல்லட்டும்.

ஆசிரியர் அறையில் இக்கேள்வி எழுந்த சந்தர்ப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். அறுவடைக் கூலிப் பெண்ணைப் பற்றி மாணவியொருத்தி நாடகம் எழுதினாள்; தானே நடிக்கவும் விரும்பினாள். பெண்பிள்ளைக்கு மேடை ஆகாதென்று தீர்ப்பாயிற்று. அப்பாத்திரத்தை ஒரு மாணவன் சேலை கட்டி நடித்தான். கூலி கேட்டு அவள் அழும் காட்சியில் சபை விழுந்து விழுந்து சிரித்தது. எழுதியவள் கடைசி வரிசையில் இருந்தாள்.