இணைய வகுப்புக்கும் ஓர் இடம் வேண்டும்

இணையவழிப் படிப்பில் ஆர்வத்தோடு சேர்பவர்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களின் திறந்தநிலை இணையப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை என்றும், 2017-18-இல் படித்து முடித்தவர்கள் சுமார் 3 சதவீதமே என்றும் அது கூறியது. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று பழியை அவர்கள் மேல் போட்டுவிடுவது எளிது. மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், மும்பையில் எட்டாம் வகுப்பு முதல் மேல்வகுப்பினருக்கு 2021 அக்டோபரிலும் சிறுவர்களுக்கு டிசம்பரிலும்தான் திறந்தன. அதுவரை தாராவிப் பிள்ளைகளுக்குக் கைபேசியே பள்ளிக்கூடம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர். வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பா வேலைக்குக் கிளம்பினால் கூடவே போய்விடும். கேமராவைப் போடு என்று ஆசிரியர் சொன்னால், பின்னால் அடுப்பும் துணிக்கொடியும் வகுப்பு முழுவதற்கும் தெரியுமே என்று பிள்ளை கூசும். அந்தக் கூச்சத்தைக் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டது நம் கல்வித் துறை.

இத்தகைய வீடுகளில் இருப்பவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு மும்பையே பதில் வைத்திருக்கிறது. இங்குள்ள குடிசைப் பகுதிகளிலும் 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளிலும் 'அப்யாசிகா' என்ற படிப்பறைகள் உண்டு. வர்லியில் தெருவிளக்கின் கீழ் மாணவர்கள் கூடிப் படித்தே ஒரு தெருவுக்கு 'அப்யாஸ் கல்லி' என்ற பெயர் வந்தது. வீட்டில் இடமில்லாத பிள்ளை, தன்னைப் போல நாலு பேர் படிக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. படிக்கும் ஆசைக்குக் குறைவில்லை. உட்கார இடமும் கூட இருந்து படிக்கத் துணையும்தான் இல்லை.

திரை மட்டும் போதாது என்பதை இணையக் கல்வியில் ஓரளவு பலன் கண்டவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் ஒரு பாடம் சுமார் பத்து நிமிடம்தான். தமிழிலும் உண்டு. பாடம் ஒருபுறம் ஓட, மறுபுறம் மாணவர் அதையே செய்து பார்க்க வேண்டும். கை வேலையில் இருக்கும்போது மனம் எளிதில் அலைவதில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, சான்றிதழுக்கான தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு சொல்லிக்கொடுத்தது. திரையில் விட்டுப்போன படிப்பை மீட்க மனிதர்களைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

இடமும் ஆளும் தேவையில்லை என்பதுதானே இணையக் கல்வியின் சிறப்பு, மறுபடியும் அறையைக் கட்டுவானேன் என்று சிலர் கேட்கலாம். பகலில் வேலை பார்த்து இரவில் படிப்பவருக்கு இணையம் பெரிய வாய்ப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. அவருக்கு வேண்டிய நேரத்தில் பாடம் கிடைக்கட்டும். ஆனால் ஒரு வாரம் அவர் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். கேட்பார் இல்லாத படிப்பு, முதல் தடங்கலிலேயே நின்றுபோகும்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இவை. தாராவியிலும் செம்பூரிலும் உள்ள மாநகராட்சிப் பள்ளிகளின் சில அறைகளை மாலை நேரங்களில் இணைய வகுப்பு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். வைஃபை, சில கணினிகள், சம்பளத்துடன் ஒரு வழிகாட்டி இருந்தால் போதும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் குடியிருப்புகளுக்குள்ளேயே படிப்பறைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இணையப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு வாரம் பாடத்தைத் திறக்காத மாணவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது ஆசிரியர் பணியின் பகுதியாக வேண்டும். அதற்கேற்ப ஆசிரியரின் மற்றச் சுமை குறைய வேண்டும். கேமராவைக் கட்டாயமாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

தமிழ் அமைப்புகளுக்கும் கடமை உண்டு. தென்னிந்தியர் பிள்ளைகள் படிக்க வழி வேண்டும் என்று 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை உருவாக்கிய ஊர் இது. அன்று பள்ளியையே எழுப்ப வேண்டியிருந்தது. இன்று விழா இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மன்றத்தைத் திறந்தாலே பாதி வேலை முடியும். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஒவ்வொரு அமைப்பும் ஓர் அறையையும் ஒரு பொறுப்பாளரையும் அறிவிக்கட்டும். மாநகராட்சியும் அதே கெடுவுக்குள் தன் பள்ளிக் கதவுகளைத் திறக்கட்டும்.