குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பிரதமர்

2024 ஜூலை 5. லண்டனில் பொழுது விடியும் நேரம். எங்கள் வீட்டில் இரண்டாவது காபி நேரம். தொலைக்காட்சியில் பிரிட்டன் தேர்தல் முடிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. வடக்கு யார்க்‌ஷயரில் நார்த்தலர்ட்டன் என்கிற ஊர். வாக்கு எண்ணிய கூடத்தில் ஒரு மேடை. அதில் வேட்பாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ரிஷி சுனக். அந்த நிமிடத்திலும் அவர்தான் பிரிட்டனின் பிரதமர். அதே மேடையில், குப்பைத்தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆசாமி. சுனக் பேச ஆரம்பித்ததும், பின்னால் நின்ற ஓர் இளைஞர் அவர் தலைக்குப் பின்னே ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். தாளில் பெரிதாக ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து. தோற்றவன் என்று கேலி.

“யாருங்க இவங்கள்லாம்? போலீஸ் பிடிச்சுட்டுப் போகாதா?” என்றாள் மனைவி.

“போகாது. அவங்களும் வேட்பாளருங்கதான்.”

அவள் நம்பவில்லை. இந்த வாரப் பத்தி அவளுக்காகத்தான்.

பிரிட்டனில் பிரதமர் என்ற பதவிக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. நாடாளுமன்றத்தின் கீழவையில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அந்தக் கட்சியின் தலைவர் பிரதமர். அவர் பெயர் ஒரே ஒரு தொகுதியின் வாக்குச்சீட்டில்தான் இருக்கும். அங்கே அவர் மற்றவர்களைப் போல ஒரு வேட்பாளர். எதிர்த்து நிற்பதும் எளிது: 500 பவுண்டு டெபாசிட், அந்தத் தொகுதியைச் சேர்ந்த 10 வாக்காளர்களின் கையெழுத்து. நூற்றுக்கு 5 ஓட்டு வாங்கினால் டெபாசிட் திரும்பிவிடும். நம் ஊரில் ஆறில் ஒரு பங்கு வேண்டும்.

இந்த 500 பவுண்டுக்கு ஒரு கதை உண்டு. 1983இல் மார்கரெட் தாட்சர் தன்னுடைய ஃபின்ச்லி தொகுதியில் நின்றபோது அவரை எதிர்த்தவர்களில் ஒருவர் ‘அலறும் லார்ட் சட்ச்’ என்ற ராக் பாடகர். லார்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வைத்துக்கொண்ட பெயர். அவருக்கு விழுந்தவை 235 ஓட்டு. அப்போது டெபாசிட் 150 பவுண்டு. இப்படி விளையாட்டுக்கு நிற்பவர்களைக் குறைக்கலாம் என்று 1985இல் அதை 500 ஆக்கினார்கள். குறைந்ததா? 2017இல் தெரசா மேயின் மெய்டன்ஹெட் தொகுதியில் வாளியைக் கவிழ்த்ததுபோல் கறுப்புத் தலைக்கவசம் போட்ட ‘லார்ட் பக்கெட்ஹெட்’ 249 ஓட்டு வாங்கினார். அதே மேடையில் எல்மோ பொம்மை வேடத்தில் நின்றவருக்கு 3 ஓட்டு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே பத்துப் பேர் என்பதை நினைவில் கொள்ளவும். பெரும்பான்மை போய்க்கொண்டிருந்த அந்த இரவில், பிரதமர் இவர்களுக்கு நடுவில்தான் முகத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிறகு அந்த வாளிக்குக் காப்புரிமைத் தகராறு வரவே, வாளிக்குள் இருந்த நகைச்சுவை நடிகர் குப்பைத்தொட்டிக்கு மாறினார். ‘கவுண்ட் பின்ஃபேஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு 2019இல் போரிஸ் ஜான்சனுக்கு எதிராக அக்ஸ்பிரிட்ஜில் நின்றார். அடுத்த பொதுத்தேர்தலில் சுனக்கைத் தேடிப் போனார். நார்த்தலர்ட்டனில் என் மனைவி பார்த்தது அவரைத்தான்.

இது கேலிக்கூத்து என்று தோன்றலாம். ஆனால் ‘பிரதமரின் தொகுதி’ என்பது ஒரு காலத்தில் உண்மையிலேயே கேலிக்கூத்தாக இருந்தது. அப்போது யாரும் வாளி மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போனபோது பிரதமராக இருந்தவர் லார்ட் நார்த். பிரதிநிதி இல்லாமல் வரி கட்ட மாட்டோம் என்று அமெரிக்கர்கள் கிளம்பினார்கள் அல்லவா? அவர்களுக்குப் பதில் சொன்ன பிரதமரின் தொகுதி பேன்பரி. அங்கே மொத்த வாக்காளர்கள் 18 பேர். நகர்மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும். ஒரு திண்ணையில் அடங்கிவிடுவார்கள். 1754இலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தத் திண்ணையின் பிரதிநிதி.

24 வயதில் பிரதமரான இளைய வில்லியம் பிட், 1783 டிசம்பரில் பதவியேற்றபோது ஆப்பிள்பி தொகுதியின் உறுப்பினர். ஒரு பெரும் நிலக்கிழார் கைகாட்டியவர் ஜெயிக்கும் ஊர் அது. அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கென்று இருந்த தொகுதிக்குப் போனார். சாகும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய குடும்பத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொள்ளுத்தாத்தா தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். இங்கே வாங்கிய பெரிய வைரத்தைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்று ‘வைர பிட்’ என்று பெயரெடுத்தவர். இந்திய வியாபாரத்தில் வந்த செல்வத்தோடு அவர் வளைத்த சொத்துகளில் ஒன்று ஓல்ட் சாரம். ஆளில்லாத ஒரு மேடு. ஆனால் இரண்டு எம்.பி.க்களை அனுப்பும் உரிமை அதற்கு இருந்தது. அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட், 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்த மேட்டின் பெயரில்தான். பின்னாளில் அவரும் பிரதமரானார். 1832இல் தேர்தல் சீர்திருத்தம் வந்துதான் அந்த மேடு ஓட்டுரிமையை இழந்தது.

இந்தக் கூத்திலும் ஒரு நல்ல விஷயம் விளைந்தது. அந்தக் காலத்தில் அமைச்சர் பதவி ஏற்றால் எம்.பி. இடம் தானாகக் காலியாகிவிடும். ‘அரசரிடம் சம்பளம் வாங்கப் போகிறேன், சம்மதமா?’ என்று தொகுதி மக்களிடம் மறுபடி கேட்க வேண்டும். பிரதமருக்கும் இதே விதிதான். 1834 கடைசியில் சர் ராபர்ட் பீலைப் பிரதமராகும்படி அரசர் அழைத்தபோது அவர் இத்தாலியில் இருந்தார். அவசரமாகத் திரும்பி வந்தவருக்கு முதல் வேலை தாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது. ஊருக்கு எழுதிய கடிதம். நாடே படிக்கட்டும் என்று பத்திரிகைகளுக்கும் போனது. ‘தாம்வொர்த் அறிக்கை’ என்று பெயர் பெற்ற அதுதான் கன்சர்வேடிவ் கட்சியின் பிறப்புச் சான்றிதழ் என்று இன்றும் சொல்கிறார்கள். சில நூறு பேரிடம் ஓட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம், ஒரு கட்சியின் கொள்கையை எழுத வைத்தது.

1902வரை பிரபுக்கள் சபையிலிருந்தும் பிரதமர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தொகுதியே கிடையாது. சாலிஸ்பரி பிரபுவோடு அது ஓய்ந்தது. அதற்குப் பிறகு பிரதமர் என்றால் கீழவை, கீழவை என்றால் தொகுதி. சட்டப் புத்தகத்தில் தேடினால் இது கிடைக்காது, வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கத்துக்கு எவ்வளவு பலம் என்பது 1963இல் தெரிந்தது.

அந்த அக்டோபரில் ஹெரால்ட் மேக்மில்லன் உடல்நலம் குன்றி விலக, 19ஆம் தேதி பிரதமரானவர் ஹோம் பிரபு, அந்தப் பட்டத்தின் பதினான்காவது வாரிசு. பட்டத்தைத் துறக்கலாம் என்ற சட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான்காம் நாள் அவர் பட்டத்தைத் துறந்து சர் அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார். பிரபுக்கள் சபையில் இடம் போயிற்று. கீழவையில் இடம் இன்னும் வரவில்லை. ஸ்காட்லாந்தில் கின்ராஸ், மேற்கு பெர்த்ஷயர் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் ஏற்கெனவே வரவிருந்தது. அங்கே கட்சி நிறுத்தியிருந்த இளம் வேட்பாளர் ஜார்ஜ் யங்கர் ஒதுங்கி வழிவிட்டார். பின்னாளில் தாட்சர் அரசில் அவர் அமைச்சரானார், வழிவிட்டது வீண்போகவில்லை. நாடாளுமன்றக் கூட்டத்தையே தள்ளிவைத்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி ஓட்டுப்பதிவு முடியும்வரை, இரண்டு வாரங்கள், பிரிட்டனின் பிரதமர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. சொந்த நாட்டு நாடாளுமன்றம் கூடியிருந்தாலும் அவருக்குப் பார்வையாளர் மாடம்தான். அந்த இடைத்தேர்தலிலும் ஒரு கேலி வேட்பாளர் நின்றார்: வில்லியம் ரஷ்டன், அங்கதப் பத்திரிகைக்காரர். வாங்கியது 45 ஓட்டு.

நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்துகொண்டே மன்மோகன் சிங் பத்தாண்டு பிரதமராக இருந்தார். வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முறைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைவிட நாம் தாராளம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். தொகுதி, தொகுதி என்கிறீர்களே, கட்சி பார்த்துக் கொடுக்கும் பத்திரமான இடம்தானே அது? உண்மை. 1992இல் ஜான் மேஜருக்கு ஹன்டிங்டன் கொடுத்த வித்தியாசம் 36,230 ஓட்டு. கடந்த நூறாண்டில் பதவியில் இருக்கும்போதே சொந்தத் தொகுதியில் தோற்ற பிரதமர் ஒருவர்கூட இல்லை. ஆர்தர் பால்ஃபர் 1906இல் மான்செஸ்டரில் தோற்றார். பதவி விலகிய அடுத்த மாதம். ராம்சே மெக்டொனால்ட் 1935இல் சீஹமில் தோற்றபோதும் பதவியை ஒப்படைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. போர்க்காலச் சர்ச்சிலை எதிர்த்து 1945இல் வுட்ஃபோர்டில் பெரிய கட்சிகள் வேட்பாளரே நிறுத்தவில்லை. அப்படியும் பெயர் தெரியாத ஒரு சுயேச்சை விவசாயி 10,488 ஓட்டு வாங்கினார். அதாவது, விழுந்ததில் கால்வாசிக்கும் மேல்!

தொகுதி கணக்கைத் தீர்ப்பது பெரும்பாலும் ஆள் போன பிறகுதான். தாட்சரின் ஃபின்ச்லி பகுதி 1997இல் லேபர் கட்சிக்குப் போனது. டோனி பிளேரின் செட்ஜ்ஃபீல்ட் 2019இல் கன்சர்வேடிவ் கட்சிக்கு. 2024இல் ஒரே இரவில் கேமரன், மே, ஜான்சன், ட்ரஸ் ஆகிய நான்கு முன்னாள் பிரதமர்களின் தொகுதிகளும் அவர்கள் கட்சியின் கையைவிட்டுப் போயின. அதில் லிஸ் ட்ரஸ் தானே நின்று தோற்றவர். முந்தைய தேர்தலில் 26,195 ஓட்டு வித்தியாசம். இந்தமுறை 630 ஓட்டில் தோல்வி. அன்று நாட்டையே வென்ற கியர் ஸ்டார்மருக்கும் சொந்தத் தொகுதி ஒரு குட்டு வைத்தது. ஹோபர்ன் அண்ட் செயின்ட் பாங்க்ரஸில் 2019இல் அவர் வாங்கியது 36,641 ஓட்டு. பிரதமரான இரவில் 18,884. தொகுதி எல்லை கொஞ்சம் மாறியிருந்தது என்றாலும், இரண்டாவதாக வந்தவர் காஸாவைப் பேசி ஓட்டுக் கேட்ட ஒரு சுயேச்சை.

ஆனால் பிரதமருக்குத் தொகுதி எதற்கு என்று கேட்டால் நான் இந்தக் கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன். 2005ஐச் சொல்வேன்.

செட்ஜ்ஃபீல்ட், டர்ஹம் கவுன்ட்டியின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. பிளேர் அங்கே 1983 முதல் எம்.பி. 2005இல் அவரை எதிர்த்து ரெஜ் கீஸ் என்ற சுயேச்சை நின்றார். இராணுவக் காவல்துறையில் இருந்த அவருடைய மகன் 2003இல் ஈராக்கில் கொல்லப்பட்டவர். அப்பா வேடமெதுவும் போட்டுக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கத்தான் நின்றார். வாங்கியது 4,252 ஓட்டு, பத்தில் ஒரு பங்கு. டெபாசிட் தப்பியது. பிளேர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். மூன்றாம் முறையாக நாட்டையும் ஜெயித்தார். பிறகு தோற்ற வேட்பாளர் பேச வேண்டிய முறை வந்தது. ரெஜ் கீஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்று தன் மகனைப் பற்றியும், ஈராக் போரைப் பற்றியும் பேசினார். பின்னால், சில அடி தூரத்தில், பிரதமர் நின்றுகொண்டிருந்தார். பேட்டியாக இருந்திருந்தால் மறுத்திருக்கலாம். நாடாளுமன்றமாக இருந்திருந்தால் பதில் பேசியிருக்கலாம். வீதியாக இருந்திருந்தால் பாதுகாவலர்கள் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த மேடையில் அவருக்கு இருந்த ஒரே வேலை நின்று கேட்பது. முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் கேட்டார். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

வாளித்தலையும் குப்பைத்தொட்டியும் காலி செய்யாமல் காத்துவைப்பது அந்த மேடையைத்தான் என்று எனக்குப் படுகிறது. 500 பவுண்டும் 10 கையெழுத்தும் கோமாளிக்குப் போதும் என்றால்தான், மகனை இழந்தவருக்கும் போதும். கோமாளியை விரட்ட டெபாசிட்டை ஏற்றினால் முதலில் தடுக்கப்படுவது அந்த அப்பாதான்.

மனைவிக்கு இதெல்லாம் சொல்லி முடித்தேன். “சரி, அந்தத் தொட்டிக்காரருக்கு எத்தனை ஓட்டு?” என்றாள். 308. சுனக் 12,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தொகுதியை வென்றார். நாட்டை இழந்ததை அதே மேடையில் ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி அச்சாகும். அன்று அந்தச் சீட்டில் குப்பைத்தொட்டிக்காரரின் பெயர் மேலே இருந்தது, பிரதமரின் பெயர் கீழே.