கடிகாரம் பிடித்தவர்

நமது இலக்கியச் சந்திப்புகளில் மார்க்ஸ், பிராய்ட், ஐன்ஸ்ரைன் என்று பெயர்கள் உருள்கின்றன. நமது பொழுதை உண்மையில் ஆள்கின்ற பிரெடெரிக் ரெய்லரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த அமெரிக்கப் பொறியியலாளர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர். பெத்லகேம் உருக்காலையில், 1899இல், நாளுக்கு 12.5 தொன் இரும்பு சுமந்தவர்களை 47.5 தொன் சுமக்க வைத்ததாக 1911இல் பெருமையாக எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு; கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலர். முன்பு இம்முறையைச் சாடிய லெனினே 1918இல் அதைக் கற்கச் சொன்னார்.

றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவும் நமக்கு ரெய்லர் அந்நியரல்ல. ஒருவர் வெட்ட, ஒருவர் பொரிக்க, ஒருவர் கழுவ. யோசனை முழுக்க முதலாளிக்கு, நாரி நோவு நமக்கு. விஞ்ஞானமென்று பெயரிட்டால் சுரண்டல் புனிதமாகிவிடுமா? அடுத்த சந்திப்பை இந்தக் கேள்வியோடு தொடங்குவோம்.