முதலில் ரத்தம், பிறகு மாத்திரை!

"டாக்டர், நாளைக்குக் காலையில தைராய்டு டெஸ்ட். மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போகலாமா?"

சித்த மருத்துவனான என்னிடமும் இப்படிக் கேட்கிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள் என்பதே என் பதில்.

தைராக்ஸின் மாத்திரை விழுங்கிய 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 அளவு உச்சத்துக்குப் போகும். டி.எஸ்.ஹெச். அன்றைய மாத்திரையால் அவ்வளவாக மாறாது. டி4 மட்டும் கூடுதலாகத் தெரிந்து குழப்பும். ஆகவே மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்ததும் தண்ணீரில் விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டிபன், காபி.

சிலர், "மருந்து இல்லாம நிஜ அளவைப் பார்ப்போமே" என்று ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து! டி.எஸ்.ஹெச். ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். பிறகு ஒழுங்காகச் சாப்பிடும்போது படபடப்பு வரும். விட்டுப்போன மாத்திரைகளை முந்தின நாள் மொத்தமாக விழுங்குவதும் தப்பு. டி4 ஏறிவிடும், டி.எஸ்.ஹெச். உண்மையைச் சொல்லிவிடும்.

எங்கள் மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அயச்செந்தூரத்தில் இரும்பு, சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து. இரண்டுமே தைராக்ஸின் உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. இங்கிலீஷ் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அப்படித்தான். 4 மணி நேர இடைவெளி விடுங்கள். முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் பயோட்டினை டெஸ்ட்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

"நாட்டு மருந்து சாப்பிடறேன்னு சொன்னா டாக்டர் திட்டுவாரு" என்று மறைக்காதீர்கள். மறைத்தால் நஷ்டம் அவருக்கல்ல, உங்களுக்குத்தான்!