கோட்டையும் குவளையும்

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூர் லஸ் முனையை அடுத்த ஒரு சிற்றரங்கில் நண்பர் ஒருவர் தம் பிரான்சுப் பயணத்தைப் படங்களோடு விவரித்தார். லுவார் ஆற்றுச் சமவெளியில், ஒரே நாளில், காலை ஷினோன் கோட்டை, மாலை திராட்சைத் தோட்டத்து நிலவறையில் ஒயின் சுவைத்தல். 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க், ஏழாம் சார்லஸைச் சந்தித்த கோட்டை அது. ஒயினை எப்படி முகர்வது, நாவில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்றெல்லாம் நண்பர் விளக்கினார். அவையில் திருநீற்று நெற்றிகள் பல. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "இதுவல்லவா பண்பாடு!" என்று பெருமூச்செறிந்தார் என் பக்கத்து நாற்காலிக்காரர்.

செஞ்சிக்குப் போனதுண்டா என்று நண்பரைக் கேட்டேன். "பாண்டிச்சேரி போகும்போது திண்டிவனத்தில் பெயர்ப்பலகை பார்த்திருக்கிறேன்" என்றார்.

பலகையைப் பார்த்தவர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு திரும்பியிருந்தால் மூன்று குன்றுகளை இணைத்து ஓடும் மதிலைக் கண்டிருப்பார். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. முகலாயர் ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் போன கோட்டை. 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுச் சின்னமானது. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளவை. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் எத்தனை பேர் அச்செய்தியை இரண்டாம் முறை படித்தார்கள்?

வாரக்கடைசியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு எதற்காகக் கார்கள் போகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. கோட்டையும் குவளையும் அங்கேயும் அருகருகேதான் இருக்கின்றன. தூணருகே நின்று படமெடுத்துக்கொள்பவருக்கு அது தெரியாது, அவ்வளவே.

இனிக் குவளைக்கு வருவோம். கடல் கடந்து வந்த யவனரின் மதுவை உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்தியவர் நக்கீரர். புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ஒயின் வந்த மத்தியதரைக் கடல் சாடிகளின் சில்லுகள் கிடைத்தன. உள்ளூர்க் கள்ளோ அதியமானும் ஔவையும் பகிர்ந்துண்டது. இவை புறநானூற்றிலேயே இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டுக்கும் ஒரே பந்தியில் இடமிருந்தது. இன்று ஒன்று பண்பாடு, மற்றொன்று பாவம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தக் கள்ளை 1987இல் தடைசெய்த அரசு, 2003இல் சீமைச் சரக்கின் சில்லறை விற்பனையைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆலைப் புட்டிக்கு ஒரு நீதி, மரத்துக் கலயத்துக்கு ஒரு நீதி.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே என்பார்கள். வகுத்தார். யவனர் மதுவுக்கு அதில் விலக்கு எழுதிவைக்கவில்லை. நான் குடிப்பவனல்லன். குடியால் சிதைந்த குடும்பங்களை அறிவேன். கடைகளைத் திறக்கச் சொல்லவும் வரவில்லை. முழு மதுவிலக்கைக் கோருபவரோடு எனக்கு வழக்கில்லை. நிலவறைக்கு ஓர் அளவுகோலும் பனந்தோப்புக்கு ஓர் அளவுகோலும் வைத்திருப்பவரோடுதான் வழக்கு.

அந்த வழக்கில் நானும் குற்றவாளி. பதினைந்து ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் நடத்துகிறேன். 'தேறல்' வருமிடத்தில் "ஒருவகைப் பானம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது என் வழக்கம். ஒருமுறை விழுப்புரம் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கள் எப்படி இருக்கும்?" என்றான். வகுப்பு சிரித்தது. "தேர்வில் கேட்கமாட்டார்கள், உட்கார்" என்றேன். வகுப்பு முடிந்ததும் அவன் தயங்கி வந்து சொன்னான்: "எங்க தாத்தா பனையேறிங்க ஐயா. அவர் சொன்னது பாட்டுல இருக்கான்னு பார்க்கத்தான் கேட்டேன்."

ஔவையின் பாடலுக்கு என்னைவிட நெருக்கமான உரையாசிரியர் ஒருவர் அவன் வீட்டில் இருந்திருக்கிறார். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஷினோன் நிலவறைக்காரர் மயிலாப்பூருக்கு வந்திருந்தால் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்திருப்பேன்.